அனிமேவில் படம் ஏன் அசையாமல் நிற்கிறது, நின்றபடியே எப்படி உலகம் சுற்றியது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ஒன்று, "ஜப்பான் கார்ட்டூனில் பாதி நேரம் ஆள் அசையாமல் நிற்கிறார், வாய் மட்டும் திறந்து மூடுகிறது, இது மலிவு வேலைதானே?" என்பது. இன்னொன்று, "அப்படியிருந்தும் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார், ஜப்பான் அரசு பணம் போட்டதா?" என்பது. முதல் கேள்விக்குப் பதில்: ஆம், சிக்கனம்தான் காரணம். இரண்டாவதற்குப் பதில்: பெரும்பாலும் அரசு இல்லை, அதே சிக்கனம்தான். நீங்கள் குறை என்று சொன்ன அந்த வாயசைப்புதான், வேறெந்த மொழியிலும் எளிதாகக் குரல் ஏற்ற வழிசெய்தது. இதைக் கொஞ்சம் கணக்கோடு சொன்னால்தான் விளங்கும்.

சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்களாக ஓடுகிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு புதிய ஓவியம் வரைந்தால் நொடிக்கு 24 ஓவியம். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12. மூன்று பிரேமுக்கு நிறுத்தினால் 8. அமெரிக்கப் பெரிய ஸ்டுடியோக்களின் திரைப்படங்கள் முதல் இரண்டு வழியையும் கலந்து பயன்படுத்தின. ஜப்பான் தொலைக்காட்சி மூன்றாவதில் நிலைகொண்டது. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம், அதாவது 1,320 நொடி. நொடிக்கு 12 என்று வைத்தாலே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 15,840 ஓவியம் வேண்டும். இதை ஒவ்வொரு வாரமும் செய்ய எந்த ஸ்டுடியோவாலும் முடியாது. இன்றைக்கும் ஒரு சாதாரண தொலைக்காட்சிப் பகுதிக்கு 3,000 முதல் 5,000 ஓவியம்தான் கணக்கு. 5,000 என்றே வைத்துக்கொண்டாலும் நொடிக்கு நாலுகூட வராது. ஆகவே எல்லாக் காட்சியும் நொடிக்கு எட்டு என்று ஓடுவதாக நினைக்க வேண்டாம். சில காட்சிகள் முழுதாக நின்றுவிடுகின்றன, அங்கே மிச்சமான ஓவியங்கள் சண்டைக் காட்சிக்குப் போகின்றன. அனிமே இயக்குநரின் திறமையில் பாதி இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

இந்த நிலை எப்போது வந்தது என்பதற்குத் தேதியே இருக்கிறது: 1963 ஜனவரி 1. அதற்கு முன்பும் ஜப்பானில் அனிமேஷன் உண்டு. 1917-லேயே குறும்படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றான 'நமகுரா கதானா', மழுங்கிய வாளை வாங்கி ஏமாந்த சாமுராயின் கதை, இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. 1945-ல் கடற்படையின் பணத்தில் 74 நிமிடப் பிரசாரப் படம் ஒன்று எடுக்கப்பட்டது. 1956-ல் தொடங்கிய தோயே தோகா ஸ்டுடியோ 1958-ல் 'ஹகுஜாதென்' என்ற முழுநீள வண்ணப் படத்தை வெளியிட்டது. தோயேயின் இலக்கு வெளிப்படையானது: கிழக்கின் டிஸ்னி ஆக வேண்டும். அந்த வழியிலேயே போயிருந்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு அழகான படங்கள் வந்திருக்கும், அவ்வளவுதான். போக்கை மாற்றியவர் ஒசாமு தெசுகா. காமிக்ஸ் உலகில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அவர், 1961-ல் தொடங்கிய முஷி புரொடக்‌ஷன் மூலம் 'தெத்சுவான் அடோமு' தொடரை வாராவாரம் அரை மணி நேரம் தரத் துணிந்தார். வெளியுலகில் இதற்கு 'ஆஸ்ட்ரோ பாய்' என்று பெயர். 1966 கடைசி நாள்வரை 193 பகுதிகள் ஓடின.

அந்தத் தொடரைத் தொலைக்காட்சிக்கு அவர் விற்ற விலை செலவைவிடக் குறைவு. இதில் சந்தேகமில்லை. எவ்வளவு குறைவு என்பதில்தான் சர்ச்சை. ஒரு பகுதிக்கு 5.5 லட்சம் யென் என்ற எண்ணைப் பலரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உண்மையில் கைக்கு வந்தது அதைவிடக் கூடுதல் என்று அந்த ஸ்டுடியோவில் இருந்தவர்கள் தரப்பிலிருந்தே பின்னாளில் மறுப்பு வந்தது. "தெசுகா ஒருவர்தான் இந்தத் தொழிலின் கூலியைக் கெடுத்தார்" என்ற வாதத்தை அதனால் முழுதாக ஏற்க முடியவில்லை. பள்ளத்தை நிரப்பியது எது என்பது தெளிவு. விளம்பரதாரரான மெய்ஜி நிறுவனம் தன் மார்பிள் சாக்லேட் டப்பாவோடு அடோமு ஸ்டிக்கர் கொடுத்தது, அதற்குப் பிள்ளைகள் பறந்தார்கள். பாத்திரத்தின் உருவத்தை விற்கும் உரிமைப் பணமும், வெளிநாட்டு விற்பனையும் சேர்ந்து பள்ளத்தை மூடின. படத்தை நஷ்டத்தில் எடு, பொம்மையில் எடுத்துக்கொள் என்ற ஏற்பாடு அன்றைக்கு வந்ததுதான், இன்னும் போகவில்லை.

இனி அந்தச் சிக்கனம் வேலையில் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஒரு பாத்திரத்தை ஒரே ஓவியமாக வரைவதில்லை. உடல் ஒரு தாள், கண் ஒரு தாள், வாய் ஒரு தாள் என்று அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். முன்பு இவை 'செல்' எனப்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்களாக இருந்தன, இப்போது கணினியில் அடுக்குகள். பேசும்போது உடல் தாள் அப்படியே கிடக்கும். மாறுவது வாய்த் தாள் மட்டும்தான். அதற்கும் மூன்றே ஓவியம்: மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய். இவற்றை மாற்றி மாற்றி வைத்தால் பேச்சு ஆகிவிடும். ஜப்பானியத் தொழில் வழக்கில் இதற்குக் 'குச்சிபாக்கு' என்று பெயர். அசையாமல் நிற்கும் படத்துக்குத் 'தோமெ-எ'. நின்ற படத்தையே பின்னணிமேல் மெல்ல இழுத்து நடப்பதுபோலக் காட்டுவது இன்னொரு உத்தி. ரோபோ ஒன்றுசேரும் காட்சி, மாயப்பெண் உடைமாறும் காட்சி போல வாரந்தோறும் வருவதை ஒருமுறை நன்றாக வரைந்து சேமித்து, தேவைப்படும்போது எடுத்துச் செருகுவதற்குப் 'பேங்க்' என்று பெயர். வங்கியில் போட்டு எடுப்பதுபோல. இவை எல்லாமே ஜப்பான் கண்டுபிடித்தவை அல்ல. ஓவியங்களைக் குறைத்து எடுக்கும் முறை 1950-களிலேயே அமெரிக்காவில் இருந்தது, அங்கே தொலைக்காட்சிக் கார்ட்டூன்கள் அதைத்தான் நம்பி ஓடின. ஜப்பான் செய்தது, அந்த முறையில் சிரிப்புக் கார்ட்டூன் எடுப்பதோடு நிற்காமல் சாவு, துரோகம், போர், காதல் என்று நீண்ட தொடர்கதைகளைச் சொன்னது.

வேலை நடக்கும் வரிசையும் இங்கே முக்கியம். முதலில் கதைவசனம். பிறகு 'எகொந்தே' என்கிற காட்சிப்பட வரைவு: ஒரு பகுதிக்குச் சுமார் 300 கட் (வெட்டில்லாமல் ஓடும் துண்டுக் காட்சி), ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி, யார் என்ன பேசுகிறார் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அடுத்து லேஅவுட், அதாவது ஒவ்வொரு கட்டிலும் பின்னணியும் பாத்திரமும் எங்கே அமைய வேண்டும் என்ற வரைவு. அதற்குப்பின் 'கெங்கா', அதாவது அசைவின் முக்கிய நிலைகளை வரையும் மூத்த ஓவியரின் வேலை. முகம் ஆளுக்கு ஆள் மாறிவிடாதபடி அவற்றைத் திருத்துவதற்கென்றே ஓர் ஓவிய மேற்பார்வையாளர் இருப்பார். அந்த நிலைகளுக்கு இடையிலுள்ள ஓவியங்களை வரைவது 'தோகா', பெரும்பாலும் புதியவர்களின் வேலை. எந்தத் தாள் எத்தனை பிரேம் நிற்க வேண்டும் என்பதை ஒரு நீளமான கட்டப் படிவத்தில் குறிப்பார்கள். ஒரு படிவத்துக்கு 144 கட்டம், அதாவது 6 நொடி. வண்ணம் தீட்டி, பின்னணியோடு சேர்த்து, தொகுத்த பிறகுதான் குரல் நடிகர்கள் உள்ளே வருகிறார்கள். அமெரிக்காவில் இது தலைகீழ்: குரலை முதலில் பதிவுசெய்து, அந்த உச்சரிப்புக்கு ஏற்ப வாயை வரைவார்கள். ஜப்பானிலும் விதிவிலக்கு உண்டு. 1988-ல் வந்த 'அகிரா' படத்தில் குரலை முன்பே பதிவுசெய்து வாயை அதற்குப் பொருத்தினார்கள். ஆனால் அது பெருஞ்செலவுத் திரைப்படம், தொலைக்காட்சிக்குக் கட்டுப்படியாகாது.

இந்த முறையில் எது எங்கே கெடும் என்பதற்கும் வழக்கமான இடங்கள் உண்டு. பாத்திரம் மூன்று பிரேமுக்கு ஒருமுறை மாறுகிறது, பின்னணியோ ஒவ்வொரு பிரேமுக்கும் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையில் ஊன்றாமல் வழுக்கும், பனியில் சறுக்குவதுபோல. அதைத் தவிர்க்கத்தான் நடக்கும் ஆளை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுவது. காலைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் பின்னணியையும் மூன்று பிரேமுக்கு ஒருமுறை நகர்த்த வேண்டும், அப்போது காட்சி முழுக்கத் தடதடக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இன்னொரு கேடு, முகத்தை முக்கால்வாசி திருப்பும்போது இடை ஓவியம் வரைந்தவர் வடிவத்தைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இயந்திரம்போல ஒரு கோடு போட்டுவிடுவது. மூக்கு ஒரு நொடி உருகி மீண்டும் சேரும். வேகமாக ஓடும்போது கண்ணில் படாது, நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய விபத்து 1997 டிசம்பர் 16 மாலை நடந்தது. போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் வெடிப்பைக் காட்டச் சிவப்பும் நீலமும் மாறி மாறி நொடிக்குச் சுமார் 12 முறை பளிச்சிட்டன. இரண்டு வண்ணப் பிரேமை மாற்றி மாற்றி வைத்தால் போதும், புதிதாக ஓவியமே வேண்டாம் என்பதால் மின்னல், வெடி, அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் இந்த உத்தி அன்றைக்கு வழக்கத்தில் இருந்தது. பார்த்த பிள்ளைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன. சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நின்றது. அடுத்த ஆண்டே, நொடிக்கு மூன்று முறைக்குமேல் பளிச்சிடக் கூடாது, சிவப்பில் குறிப்பாகக் கூடாது என்று ஒளிபரப்பாளர்கள் சேர்ந்து விதி வகுத்தார்கள். இன்றும் தொலைக்காட்சிப் பதிப்பில் சண்டைக் காட்சி திடீரென மங்கித் தெரிந்தால், அதற்குக் காரணம் அந்த விதி. ப்ளூ-ரே வட்டில் அதே காட்சி வெளிச்சமாக இருக்கும்.

சிக்கனம் என்றால் அழகில்லை என்று பொருளல்ல, இதைத்தான் உங்கள் கேள்வியில் நான் மறுக்க விரும்புவது. முஷி புரொடக்‌ஷனில் வளர்ந்த ஒசாமு டெசாகி, 1970-ல் தொடங்கிய குத்துச்சண்டைத் தொடரான 'அஷிதா நோ ஜோ'வை இயக்கினார். பின்னாளில் அவர் கையெழுத்தாகவே ஆகிவிட்ட ஓர் உத்தி: உச்சக்கட்டத்தில் படத்தை நிறுத்தி, நின்ற படத்தைச் சாதாரணச் செல் ஓவியமாக விடாமல் வண்ணச் சுண்ணத்தில் தீட்டிய ஓவியம்போல மாற்றிவிடுவது. பார்ப்பவர் மனத்தில் அந்த நொடி நினைவுப்படமாக உறைந்துவிடும். 1995-ல் வந்த 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' தொடரின் 24-ஆம் பகுதியில், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஒலிக்க, ராட்சத எந்திரம் ஒருவனைக் கையில் பிடித்திருக்கும் ஒரே படம் ஒரு நிமிடத்துக்குமேல் அசையாமல் நிற்கிறது. ஓர் ஓவியத்தின் செலவில் ஒரு நிமிடம். ஆனால் அந்தக் கையில் சிக்கியிருப்பவன் என்ன ஆவான் என்ற பதைப்பில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அசைவை நிறுத்தினால் பார்ப்பவரின் கவனம் குரலுக்கும் இசைக்கும் தன் மனத்துக்கும் போகிறது. இதை அறிந்து செய்பவரையும், நேரமில்லாமல் செய்பவரையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டும் ஒரே தொடரிலேயே இருக்கும்.

இந்த நிறுத்தும் பழக்கம் கபுகி நாடகத்தில் நடிகர் உறைந்து நிற்கும் தருணத்திலிருந்து வந்தது, காகிதத் தெருநாடகமான கமிஷிபாயிலிருந்து வந்தது என்றெல்லாம் எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கமிஷிபாய் விஷயத்தில் ஓரளவு பொருத்தமும் இருக்கலாம், ஏனென்றால் அட்டை அட்டையாகப் படம் மாற்றிக் குரலால் கதையை நடத்தும் கலை அது, பார்த்து வளர்ந்த தலைமுறைதான் தொலைக்காட்சி அனிமேவைத் தொடங்கியது. கபுகித் தொடர்பை நான் நம்புவதில்லை. உடனடிக் காரணம் மேலே சொன்ன கணக்குதான். அதற்கு அடுத்த காரணம், காமிக்ஸ் பக்கத்தின் கட்டங்களை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த தெசுகாவின் கை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜிப்லி போன்ற ஸ்டுடியோக்களின் திரையரங்குப் படங்கள் இந்தக் கணக்கில் அடங்கா. 1997-ல் வந்த 'பிரின்சஸ் மோனோனோகே'க்கு மட்டும் சுமார் 1,44,000 செல்கள் வரையப்பட்டன. 'அனிமே' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடுவதால்தான் குழப்பம்.

இப்போது இரண்டாவது கேள்வி. மூன்றே நிலை கொண்ட வாய், குரலுக்குப் பின்னால் ஓடாத வாய், எந்த மொழிக்கும் சொந்தமில்லை. 'ப', 'ம' வரும் இடத்தில் உதடு சேர வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாய் அசைய ஆரம்பிக்கும் நொடியில் பேச்சு தொடங்கி, நிற்கும் நொடியில் முடிந்தால் போதும். ஜப்பானிய மூலத்திலேயே அவ்வளவுதான் பொருந்தியிருக்கிறது! உச்சரிப்புக்கு ஏற்ப வாய் வரைந்த ஒரு டிஸ்னி படத்தை வேறு மொழியில் மாற்றுவதோடு ஒப்பிட்டால் வேலை பாதிதான். 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானில் தொடங்கிய அதே 1963-ல், செப்டம்பரிலேயே அமெரிக்காவில் ஆங்கிலத்தில் ஓடத் தொடங்கியது. மொத்தம் 104 பகுதிகள் அங்கே போயின.

ஆனால் பெரிய வெள்ளம் அமெரிக்காவுக்குப் போகவில்லை, ஐரோப்பாவுக்குப் போனது. இத்தாலியில் 1976-ல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் ஒளிபரப்பை அனுமதித்தது. நூற்றுக்கணக்கில் சிறு நிலையங்கள் முளைத்தன. நாள் முழுக்க ஓட்டச் சரக்கு வேண்டும், கையில் பணமில்லை. ஜப்பானிடம் 26, 52 பகுதிகள் கொண்ட அரை மணி நேரத் தொடர்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. செலவை உள்நாட்டில் பொம்மைக் கம்பெனிகள் ஏற்கெனவே தாங்கிவிட்டதால், வெளியே எந்த விலைக்குப் போனாலும் அது கூடுதல் வரவு. 1978-இல் 'கிரெண்டைசர்' என்ற ரோபோத் தொடர் ஏப்ரலில் இத்தாலியிலும் ஜூலையில் பிரான்சிலும் தொடங்கியது. பிரான்சில் அதற்குப் 'கோல்டோராக்' என்று பெயர், பிள்ளைகள் பைத்தியமானார்கள், பெற்றோரும் ஆசிரியர்களும் வன்முறை என்று எதிர்த்தார்கள். அதற்கு முன்பே 1974-ல் இசாவோ தகாஹத்தா இயக்கிய 'ஹைடி' வேறொரு பாதை போட்டிருந்தது. 52 பகுதிகள், ஹயாவோ மியாசாகியின் லேஅவுட், அதற்காகக் குழுவே சுவிட்சர்லாந்துக்குப் போய் மலையையும் மரவீட்டையும் பார்த்து வந்தது. ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் ஹைடியைப் பார்த்த பிள்ளைகளில் பலருக்கு அது ஜப்பானிலிருந்து வந்தது என்றே தெரியாது.

அரபு நாடுகளிலும் கிரெண்டைசர் அரபுக் குரலோடு வீடுவீடாகப் போனது. 1983-ல் தொடங்கிய கால்பந்துத் தொடரான 'கேப்டன் சுபாசா' அங்கே 'கேப்டன் மாஜித்' ஆனது, ஸ்பெயினில் 'ஒலிவர்' ஆனது. அதன் பிடிப்பு எவ்வளவு என்றால், ஈராக்கின் சமாவா நகரில் ஜப்பான் உதவியாகக் கொடுத்த தண்ணீர் லாரிகளில் இந்த அரபு மாஜித்தின் படத்தைத்தான் ஒட்டினார்கள். மக்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதற்காக. பிலிப்பைன்ஸின் அனுபவம் வேறு. 'வோல்டெஸ் ஃபைவ்' ரோபோத் தொடர் உச்சத்தில் இருந்தபோது 1979-ல் மார்கோஸ் அரசு அதைத் தடைசெய்தது, கடைசி 4 பகுதிகள் ஒளிபரப்பாகாமல் நின்றன. அரசு சொன்ன காரணம் வன்முறை. கொடுங்கோல் பேரரசுக்கு எதிரான புரட்சியில் கதை முடிவதால்தான் தடை என்று அந்த நாட்டில் பரவலாக நம்புகிறார்கள். தடை நடந்தது உறுதி, நோக்கம் பற்றிய நம்பிக்கை நம்பிக்கைதான். அந்தத் தலைமுறை மறக்கவில்லை: 2023-ல் பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சியே அதை நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்தது.

அமெரிக்காவில் இடைஞ்சல் வேறு மாதிரி. அங்கே தினசரிக் கார்ட்டூன் விற்க வாரத்துக்கு 5 நாள், 13 வாரம் என்று 65 பகுதிகள் வேண்டும். அங்கே விற்க நினைத்த 'மேக்ரோஸ்' என்ற ரோபோத் தொடரில் இருந்ததோ 36. அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தொடர்களை ஒட்டி, ஒரே கதையின் மூன்று தலைமுறையாக வசனம் எழுதி, 1985-ல் 'ரோபோடெக்' என்று 85 பகுதிகளாக வெளியிட்டார்கள். மியாசாகியின் 'நவுசிகா' படத்தையும் அதே ஆண்டு சுமார் 22 நிமிடம் வெட்டி, பெயரை மாற்றி வெளியிட்டார்கள். வெட்டக் கூடாது என்று மியாசாகியின் ஸ்டுடியோவான ஜிப்லி பின்னாளில் பிடிவாதமாக நின்றதற்கு அந்தக் கசப்பு காரணம். போக்கிமானின் ஆங்கிலப் பதிப்பில் அரிசி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு 'ஜெல்லி டோனட்' என்றார்கள். ஜப்பான் வாடை இல்லாததால்தான் அனிமே எங்கும் எடுபட்டது என்று ஒரு கோட்பாடு உண்டு. 1970-களின் ரோபோக்களுக்கும் ஹைடிக்கும் அது பொருந்துகிறது. ஆனால் தத்தாமி பாய் விரித்த தரை, பள்ளிச் சீருடை, இனிப்பு டோராயாகி என்று ஜப்பானே நிறைந்திருக்கும் 'டோரேமான்' வியட்நாமிலும் தாய்லாந்திலும் இந்தியாவிலும் ஓடியதை அந்தக் கோட்பாடு விளக்காது. அதை நான் அரைகுறையாகவே ஏற்கிறேன்.

அரசு எங்கே என்று கேட்டீர்கள். ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் டோரேமானை அனிமே தூதராக அறிவித்தது 2008-ல். ஜப்பானியப் பண்பாட்டை வெளிநாட்டில் விற்க உதவும் கூல் ஜப்பான் நிதி அமைப்பு தொடங்கியது 2013-ல். அதற்குள் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடியும் ஆஸ்கரும் ஜிப்லியின் 'ஸ்பிரிட்டட் அவே' படம் வாங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஓடுகிற தேரின் வடத்தைக் கடைசியில் வந்து பிடித்தார்கள், அவ்வளவுதான். உண்மையில் வடம் பிடித்தவர்களில் ரசிகர்களையும் சொல்ல வேண்டும். 1980-களில் வீடியோ கேசட்டைப் படியெடுத்துத் தாங்களே வசனம் பொறித்துப் பரிமாறினார்கள், பிறகு அதையே இணையத்தில் செய்தார்கள். இன்று சோனியின் கையில் இருக்கும் கிரஞ்சிரோல் 2006-ல் உரிமையில்லாத பதிவேற்றத் தளமாகத்தான் தொடங்கியது. 2009-ல் உரிமம் பெற்று, ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்திலேயே வசனத்தோடு தரத் தொடங்கியது. திருட்டுப் பதிப்பை வென்றது வழக்குகளைவிட இந்த வேகம்தான்.

2020-ல் முதன்முறையாக வெளிநாட்டுச் சந்தை உள்நாட்டுச் சந்தையைத் தாண்டியது. ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்கில் 2023-ல் மொத்தச் சந்தை சுமார் 3.34 லட்சம் கோடி யென், அதில் வெளிநாட்டுப் பங்கு சுமார் 1.72 லட்சம் கோடி. இந்த எண்ணைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. இது பொம்மை, சட்டை, சூதாட்ட இயந்திரம்வரை பார்வையாளர் செலவழித்த எல்லாவற்றையும் சேர்த்த எண். ஸ்டுடியோக்களுக்கு வந்தது இதில் சிறு பங்கு. பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது தயாரிப்புக் குழு: பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எனப் பலர் சேர்ந்து முதல் போட்டு, உரிமையையும் பங்கின்படி வைத்துக்கொள்வார்கள். வரைந்த ஸ்டுடியோ அந்தக் குழுவில் இல்லையென்றால் அதற்குக் கிடைப்பது வேலைக்கூலி மட்டுமே. தொடர் உலகம் முழுக்க ஓடினாலும் அந்தக் கூலி ஏறாது. இடை ஓவியத்துக்கு இன்னும் பெரும்பாலும் தாள் கணக்கில்தான் சம்பளம், ஏறத்தாழ 200 யென். மாதம் 500 தாள் வரைந்தாலும் ஒரு லட்சம் யென்தான். டோக்கியோவில் வாடகை கொடுத்து வாழப் போதாது. அனிமேட்டர் சங்கம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் இடை ஓவியர்களின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். அதனால் இடை ஓவிய வேலையின் பெரும்பகுதி கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று போய்விட்டது. முக்கிய நிலைகளை வரையும் அடுத்த தலைமுறை பயிலும் முதல் படி அதுதான், அந்தப் படியே ஜப்பானில் தேய்கிறது. எனக்கு இந்தத் தொழிலில் உண்மையான கவலை இது ஒன்றுதான்.

தமிழில் கேட்டதால் ஒன்று சேர்க்கிறேன். ஜப்பானியமும் தமிழும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள். "அவனை நான்தான்... கொன்றேன்" என்று கடைசிச் சொல்லில் முகம் மாறும் காட்சியை ஆங்கிலத்தில் திருப்பிப்போட வேண்டும், தமிழில் வேண்டாம், சொல்லும் முகமும் ஒரே நொடியில் விழும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும், அண்ணன், அக்கா என்று அழைப்பதும் நேராகப் பொருந்தும். நடுவில் ஆங்கிலப் பிரதி வழியாக மொழிபெயர்த்தால் இந்த இரண்டும் காணாமல் போகும். தமிழ்க் குரலில் ஒரு பாத்திரம் தன் ஆசிரியரை "நீ" என்று அழைத்தால் தவறு பெரும்பாலும் அந்த வழியில்தான் நுழைந்திருக்கும்.

உங்கள் சந்தேகத்தை நீங்களே சரிபார்க்கலாம். யூடியூபில் உரிமத்தோடு இருக்கும் ஏதாவது ஒரு பகுதியை எடுத்து, நிறுத்திவிட்டு, கணினி விசைப்பலகையில் முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு பிரேம் நகரும். முதலில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி: எத்தனை தட்டுக்கு ஒருமுறை வாய் மாறுகிறது, உடல் மாறுகிறதா என்று எண்ணுங்கள். வேறு பிரேம் வேகத்தில் பதிவேற்றிய காணொளியில் சில பிரேம்கள் இரட்டிக்கும், அதனால் மூன்று சில இடத்தில் நான்காகத் தெரியலாம். பிறகு அதே பகுதியின் சண்டைக் காட்சிக்குப் போங்கள். அங்கே இரண்டு தட்டுக்கு ஒன்று, சில அடிகளில் தட்டுக்கு ஒன்று என்று மாறியிருந்தால், முதல் காட்சியில் மிச்சம் பிடித்த ஓவியங்கள் எங்கே போயின என்று தெரிந்துவிடும். மாறவில்லை என்றால் அந்தப் பகுதிக்கு நேரம் போதவில்லை.